உள்சக்கரம் தரையைத் தொட வேண்டும்
1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய திறந்த கார். 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, பின்சக்கர ஓட்டம். இதை வாங்கியவர்கள் இன்றும் மாற்ற ஆசைப்படும் பாகங்கள் இரண்டு: டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷன். இவற்றைத் தனித்தனியாக யோசித்தால் பணம்தான் வீண்.

வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். டிஃபரன்ஷியல் அந்த வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். வளையும்போது பாரம் வெளிப்பக்கம் போவதால் உள்சக்கரத்தின் பிடி தளர்கிறது. அது தாங்கும் சொற்ப விசையே வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்சக்கரம் வீணாகச் சுழலும்.

இதற்கு மாற்றுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். கிளட்ச் தட்டுகள் கொண்ட வகை பந்தயத்துக்கு நல்லது. ஆனால் தட்டுகள் தேயும், மெதுவாகத் திரும்பும்போது கடகடக்கும், அதற்கென்று தனி ஆயிலும் வேண்டும். 1994 மாடலில் எஞ்சின் 1.8 லிட்டரானபோது மாஸ்டா கொடுத்த டார்சன், முழுக்கப் பற்சக்கரங்களாலானது. பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, அதைப்போலச் சில மடங்கு விசையை மற்றச் சக்கரத்துக்கு அனுப்பும். சத்தம் போடாது. தினமும் ஓட்டும் காருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் உள்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால் அது தாங்கும் விசை பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யமே! இங்கேதான் சஸ்பென்ஷன் வருகிறது. பலர் முதலில் பின்பக்கம் தடித்த ஆன்ட்டி-ரோல் பார் பொருத்துகிறார்கள். அது வெளிச்சக்கரம் அமுங்கும்போது உள்சக்கரத்தையும் மேலே இழுக்கிறது. டார்சனின் வேலையை நாமே கெடுக்கிறோம். அளவுக்கு மீறிக் குட்டையான ஸ்பிரிங்கும் ஆபத்துதான். இந்தக் காரின் சஸ்பென்ஷனுக்கு அமுங்க இடம் குறைவு. பம்ப் ஸ்டாப்பில் இடித்ததும் வெளிச்சக்கரத்தின் பிடி சட்டென்று போய்விடும்.

ஆகவே முதலில் நல்ல டயர். அடுத்து தரமான ஷாக் அப்சார்பர், அதற்கேற்ற மிதமான ஸ்பிரிங், வீல் அலைன்மென்ட். தடித்த பார் வேண்டுமென்றால் முன்பக்கம் மட்டும். அதன்பிறகும் உள்சக்கரம் சுழன்றால் டார்சன். 1.6 காரில் பொருத்துபவர்கள் 1.8-இன் ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும்; பழையவை அதில் பொருந்தாது.