ஒப்பந்தம் பிரித்த குடும்பங்கள்

கண்டி நகரின் தெருக்கூட்டி, வடிகான் வழித்து, குப்பை அள்ளும் மாநகர சபைத் தொழிலாளர்கள் பலரின் வீடு மஹய்யாவதான். வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஒரே காம்பராவைத் தடுத்து மகனும் மருமகளும் ஒரு பக்கம், பெரியவர்கள் மறுபக்கம் என்று காலம் தள்ளுகிறார்கள். வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகள் சிலர் வேறு விலாசம் எழுதுவதும் உண்டு.

இந்த ஏழ்மைக்குக் குடியையும் சோம்பலையும் காரணம் சொல்பவர்கள் கொஞ்சம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே அவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. வாக்கில்லாதவன் வாசலுக்கு எந்த அரசியல்வாதி வருவான்? வீடு, காணி, பாடசாலை என்று நாடு பங்கிட்ட எதிலும் அவனுக்குக் கடைசி இடம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கையெழுத்துக்கு முன் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

இந்தியாவுக்கு மனுப்போட்டவர்கள் எல்லாரும் ஆசைப்பட்டா போட்டார்கள்? 1973, 74இல் இம்மக்களில் பெரும்பாலோர் வேலைசெய்த தேயிலைத் தோட்டங்களில் பட்டினி. அரிசியும் மாவும் கிடைக்காத வீட்டில் அக்கரை என்பது சோறு. சேமலாப நிதியை வாங்கி, தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டி, கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் சிலரைக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கும் கொழுந்துதான், அங்கும் லயம்தான். கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னதோ வியாபாரமே தெரியாத தோட்டத்து ஆட்களிடம்! இங்கே “இந்தியாக்காரன்” என்று ஏச்சு வாங்கியவர்கள் அங்கே “சிலோன்காரன்” ஆனார்கள்.

1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கானோர் இங்கேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழிவிட்ட 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல். பிரஜாவுரிமை பறித்து 55 வருடம்! அந்த 55 வருடத்தில் அயல் கிராமத்தவன் காணி வாங்கினான், பிள்ளையை அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்பினான். வாக்குச்சீட்டு கிடைத்ததும் அந்த இடைவெளி தானாக மூடிவிடாது. பரம்பரையாக நகரத்தைத் துப்புரவாக்கியவர்கள் குடியிருக்கும் காம்பராவுக்குக் காணி உறுதி கொடுப்பதைச் சலுகை என்று எவரும் சொல்லக்கூடாது. அது அரசு வைத்திருக்கும் பழைய கடன்.