மென்பொருள் சோதனை

மென்பொருள் சோதனை என்பது, ஒரு மென்பொருள் எதிர்பார்த்தபடி இயங்குகிறதா என்பதையும், எந்தச் சூழலில் தவறும் என்பதையும் அது பயனரைச் சென்றடையும் முன்பே கண்டறியும் பணியாகும். பொருள் உருவாக்கத்தில் இது கடைசி நாளில் செய்யும் வேலை அன்று. வடிவமைப்பு தொடங்கி வெளியீடு வரை உடன் வருவது.

அடிப்படை

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தனக்குரிய சாவியால் திறந்தால் மட்டும் அது நல்ல பூட்டு ஆகிவிடாது. வேறு சாவிக்குத் திறக்காமலும் இருக்க வேண்டும். மென்பொருளும் அப்படியே. சரியான கடவுச்சொல்லை ஏற்கிறதா என்று பார்ப்பது நேர்மறைச் சோதனை. தவறான கடவுச்சொல்லை மறுக்கிறதா, பணம் செலுத்தும்போது இணைய இணைப்பு அறுந்தால் தொகையை இருமுறை பிடித்துவிடுமா என்று பார்ப்பது எதிர்மறைச் சோதனை. பல வழுக்கள் இரண்டாவதில்தான் அகப்படுகின்றன.

நிலைகள்

- அலகுச் சோதனை: நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிப்பது.
- ஒருங்கிணைப்புச் சோதனை: பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதைச் சோதிப்பது.
- முறைமைச் சோதனை: முழு மென்பொருளையும் சோதிப்பது.
- ஏற்புச் சோதனை: பயனரின் தேவை நிறைவேறியதா என உறுதி செய்வது.

ஒரு வழுவைத் திருத்தும்போது வேறோர் இடம் பழுதாகலாம். எனவே ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் பழைய சோதனைகள் மீண்டும் நடத்தப்படுகின்றன.

சந்திரயான் தரும் பாடம்

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. இதன் காரணங்களை அன்றைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் 2023இல் விளக்கினார். ஐந்து இயந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அத்தகைய வேகம் தேவைப்படும் என்று யாரும் எண்ணாததால், மென்பொருளில் இருந்த வரம்பு அதைத் தடுத்தது. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற அளவில் சிறியதாக இருந்தது.

விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் கேள்வியே மாற்றப்பட்டது. 'எப்படி வெற்றி பெறும்?' என்பதற்குப் பதிலாக, 'எவையெல்லாம் தவறக்கூடும்?' என்று கேட்டு வடிவமைத்தனர். உணரிகள் ஹெலிகாப்டரில் பொருத்திச் சோதிக்கப்பட்டன. உணரிகள், இயந்திரங்கள், வழிநடத்தும் மென்பொருள் ஆகிய மூன்றும் கோபுரக் கிரேனில் தொங்கவிடப்பட்ட நிலையில் ஒன்றாக இயக்கிப் பார்க்கப்பட்டன. தரையிறங்கும் பரப்பு 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என விரிவாக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாக இறங்கியது.

வரம்பு

எத்தனை சோதனை செய்தாலும் மென்பொருளில் வழுவே இல்லை என்று மெய்ப்பிக்க முடியாது. இருக்கும் வழுக்களைக் காட்ட மட்டுமே முடியும். எனவே எல்லாவற்றையும் ஒரே அளவில் சோதிப்பதைவிட, தவறினால் உயிருக்கோ பணத்துக்கோ இழப்பு ஏற்படும் பகுதிகளை முதலில், ஆழமாகச் சோதிப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. தொடக்கத்தில் அகப்படும் வழுவை ஒரு நிரலர் சில வரிகளில் திருத்திவிடலாம். வெளியீட்டுக்குப் பின் தெரிய வந்தால், அதன் விலையைப் பயனரும் சேர்ந்தே கொடுக்க நேரிடும்.