நாய்க்குட்டியின் நடை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாற்றைக் கடந்து, 40 கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்றால், ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் வால்பாறையை அடையலாம். அங்குத் தேயிலைத் தோட்டங்களின் இடையே வீடுகள் பல சரிவில் அமைந்துள்ளன. படியேறித்தான் வாயிலை அடைதல் வேண்டும். அத்தகைய வீடொன்றில் வளரும் நாய்க்குட்டி, படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறது; ஏற மறுக்கிறது. ‘சோம்பேறிக் குட்டி’ என்று சிறுவர் நகைக்கின்றனர். அது சோம்பலா, நோவா? வாயில்லா உயிருக்கு நடையே மொழி. அம்மொழியை நாம் அறிதல் வேண்டும்.

நாயின் பின்னங்கால் உடலோடு பொருந்தும் இடம் இடுப்பு மூட்டு ஆகும். தொடையெலும்பின் தலை பந்து போன்றது. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம் போன்றது. பந்து கிண்ணத்தில் நன்கு பொருந்தியிருந்தால் கால் இனிது இயங்கும். சில குட்டிகளுக்கு வளரும் பருவத்தில் இம்மூட்டுத் தளர்ந்துவிடும். அப்பொழுது பந்து நிலையின்றி அசையும். எலும்பின் முனையை மூடியுள்ள குருத்தெலும்பு தேயும். நாளடைவில் வலி மிகும். இக்குறை பெரும்பாலும் பெற்றோர் வழியாக வருவது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் முதலிய பெரிய இன நாய்களிடம் இது மிகுதி. கிரேஹவுண்டு போன்ற மெலிந்த வேட்டை நாய்களிடம் அரிது.

இதன் அறிகுறிகள் யாவை? குட்டி ஓடும்பொழுது இரு பின்னங்கால்களையும் ஒருசேர வைத்து முயல்போலத் தாவும். நடக்கும்பொழுது அதன் பின்புறம் இருபக்கமும் ஆடும். படுத்து எழுவதற்குத் துன்புறும். சிறிது விளையாடியதும் களைத்துப் படுத்துவிடும். முன்னங்கால்கள் உரம் பெற, பின் தொடைகள் மெலிந்து காணப்படும்.

எனினும், தளர்நடையிடும் இளங்குட்டி சிறிது தள்ளாடுதல் இயல்பே. ஒருநாள் நொண்டியதற்கு முள்ளோ அடியோ காரணமாகலாம். ஆதலின் ஓர் அறிகுறியைக் கண்டு முடிவு கட்டலாகாது. நோவு தொடர்ந்து காணப்படின் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவர் மூட்டை அசைத்துப் பார்த்தும், எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தும் உண்மையை அறிவார். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. அவற்றுள் சில உயிருக்கே ஊறு விளைக்கும்.

வளர்ப்பு முறையாலும் இக்குறையை ஓரளவு தடுக்கலாம். நார்வே நாட்டில் பெரிய இனக் குட்டிகளை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மூன்று மாதம் நிரம்புமுன் நாள்தோறும் படியேறிய குட்டிகளிடம் இக்குறை மிகுந்திருந்தது. வெளியே மென்மையான நிலத்தில் தளையின்றி ஓடியாடியவற்றிடம் குறைந்திருந்தது. எனவே, மலைச்சரிவு வீடுகளில் இளங்குட்டியைப் படிகளில் தூக்கிச் செல்லுதல் நலம். வழுக்கும் தரையில் சாக்கு விரித்தலும் நன்று. உணவிலும் அளவு வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்கு உணவைக் கால்பங்கு குறைத்து வளர்த்தனர். அப்பிரிவு நாய்களின் மூட்டுகள் நலமாக இருந்தன. அவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மிகுதியாகவும் வாழ்ந்தன. கொழுத்த குட்டியே நலமுள்ள குட்டி என்று எண்ணுதல் தவறு.

குறையுடைய குட்டியைக் கைவிடுதல் அறமன்று. எடை மிகாமல் காத்து, மருத்துவர் சொற்படி பேணினால் அதுவும் நெடுநாள் இன்புற்று வாழும். படியின் அடியில் நிற்கும் குட்டியை நோக்கி நகையாது, அருகில் அமர்ந்து அதன் நடையை உற்று நோக்குங்கள். அதுவே அன்பின் முதற்படி.