சிலிக்கோனுக்கு இரும்பு போதுமா?

சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. இரண்டும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருப்பதால் பலரும் குழம்பிவிடுகிறார்கள். பிராசசர் சிப் செய்யப்படுவது தூய சிலிக்கானில். நம் மேட்டூரிலேயே 1980களில் மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனம் இதைத் தயாரிக்க முன்வந்தது. அந்த சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவும் வெள்ளைப் பசையில் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியில் கார்பன் தொகுதிகள் ஒட்டியிருந்தால் அது சிலிக்கோன். திண்டுக்கல் வெயிலிலும் இது உருகி ஓடாது, எளிதில் ஆவியாகாது.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

முதல் படியை 1940-ல் அமெரிக்காவின் யூஜின் ரோச்சோ கண்டுபிடித்தார். சிலிக்கான் தூளையும் மெத்தில் குளோரைடு வாயுவையும் சுமார் 300 டிகிரி வெப்பத்தில் சேர்க்க வேண்டும். இதற்கு வினையூக்கி செம்பு. விலை அதிகமில்லை.

செலவு வருவது அடுத்த படியில். சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பை, கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பின் மேல் சேர்ப்பதற்கு ஹைட்ரோசிலைலேஷன் என்று பெயர். எண்ணெயாக இருப்பதை ரப்பராக இறுக வைக்கவும் இதுவே பயன்படுகிறது. லேப்டாப்பில் உள்ள தெர்மல் பேட், ஸ்டிக்கரை உரித்ததும் கையில் மிஞ்சும் வழவழப்பான தாள் ஆகியவற்றில் பலவும் இப்படி உருவானவையே. இங்கே வினையூக்கி பிளாட்டினம்!

தரகர் திரும்புவதில்லை

வினையூக்கியைக் கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு வீட்டாரையும் சேர்த்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார். ஆனால் சிலிக்கோன் இறுகும்போது பிளாட்டினம் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. தரகரை மண்டபத்தில் வைத்துத் திண்டுக்கல் பூட்டைப் போட்டது போலத்தான். பத்து லட்சத்தில் சில பங்குதான் சேர்க்கிறார்கள் என்றாலும், 2007-ல் சிலிக்கோன் தொழில் உலகம் முழுவதும் சுமார் 5.6 டன் பிளாட்டினத்தைச் செலவிட்டதாக மதிப்பிடப்பட்டது. அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைப்பதில்லை.

இரும்பு வந்தது

பூமியின் மேலோட்டில் இரும்பு சுமார் 5 சதவீதம். பிளாட்டினமோ நூறு கோடியில் சில பங்கு. அப்படியானால் இரும்பையே போட்டால் என்ன? வெறும் இரும்பு இந்த வேலையைப் பிளாட்டினம் போலச் செய்யாது. எலக்ட்ரான்களை இரண்டிரண்டாகக் கொடுத்து வாங்குவது பிளாட்டினத்துக்கு எளிது. இரும்புக்கு அது வராது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பால் சிரிக் குழுவும் மொமென்டிவ் நிறுவனமும் இரும்பு அணுவைச் சுற்றி, நைட்ரஜன் கொண்ட ஒரு கரிமக் கூட்டைப் பொருத்தின. எலக்ட்ரான் கணக்கில் அந்தக் கூடு கைகொடுக்கிறது. 2012-ல் வெளியான இவர்களின் முடிவுப்படி, தேவையற்ற துணைப் பொருள்களும் குறைந்தன. சிலிக்கோனை இறுக வைக்கும் சோதனையும் நடந்தது.

குறை என்னவென்றால், இந்த இரும்பு வினையூக்கி காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். எனவே எளிதில் கையாளக்கூடிய இரும்பு, கோபால்ட் கலவைகளை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகம் 2016-ல் அறிவித்தது. ஆனாலும் ஆலைகளில் இன்றும் பிளாட்டினத்துக்கே முதலிடம். மிகக் குறைந்த அளவில், வேகமாக வேலை செய்யும் பொருளை ஆலைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார்கள்.

என் கணிப்பில், இரும்பு முதலில் நுழைய வேண்டிய இடம் ஸ்டிக்கர் தாள். ஒரே முறை உரித்துக் குப்பையில் போடும் பொருளுக்குப் பிளாட்டினம் எதற்கு, நீங்களே சொல்லுங்கள்!