வயலைக் காப்பதா, வாசலை மூடுவதா?

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் விவசாய நிலத்தை வகைமாற்றம் செய்து, நெருக்கமாக வீடுகள் கட்ட யாராவது முன்வந்தால், அவ்வூர் மக்கள் எதிர்ப்பது வழக்கம். வயல் போய்விடும், சாலை நெரியும், பள்ளியில் இடமிராது என்பார்கள். இவற்றில் நியாயம் உண்டு. வீடாகிப்போன வயல் திரும்ப வயலாவதில்லை. ஆனால், இதனால் யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டியுள்ளது.

நியூஜெர்சி மாநிலத்தின் மவுண்ட் லாரல், பண்ணைகள் நிறைந்த ஊராக இருந்தது. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பின மக்களில் சிலர், கோழிக்கொட்டில்களை வீடாக்கிக் குடியிருந்தனர். 36 எளிய வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். ஊர் நிர்வாகம் மறுத்தது. பெரிய மனையில் தனி வீடுதான் கட்டலாம் என்பது விதி. ஏழை என்ற சொல் அவ்விதியில் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை! அதே காலத்தில், வசதியுள்ளோருக்கான நான்கு பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. 1970-ல், அதுவும் ஓர் ஆலயத்தில் கூடியிருந்தவர்களிடமே, இங்கு வாழ வசதியில்லாதவர்கள் வெளியேறத்தான் வேண்டும் என்றார் மேயர்.

எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி முன்நின்று வழக்காடினார். 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தவறென்றது. 1983-ல், எளியோர் வீடுகளுக்கு எல்லா ஊர்களும் இடமளிக்கவேண்டும் என்றது. 1994-ல் அவர் இறந்தார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பில் மக்கள் குடியேறியது 2000-ல்தான். பின்னர் அது 140 வீடுகளாக வளர்ந்தது.

குற்றம் பெருகும், மனை விலை சரியும், வரி கூடும் என்று அஞ்சியவர்கள் பலர். சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இம்மூன்றும் நடக்கவில்லை.