கிளட்ச் குழாயில் ஒரு சிறு துளை

பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அவருடைய கைகளை மட்டும் பார்க்காதீர்கள்; இடது காலையும் கவனியுங்கள். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால் ஒரு மிதியை அழுத்துகிறது. கை கியர் கம்பியை நகர்த்துகிறது. பிறகு கால் மெல்ல மேலே எழுகிறது. சில ஓட்டுநர்கள் கியர் மாற்றியதே நமக்குத் தெரியாது. வேறு சிலர் மாற்றும்போது, நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மேலே உள்ள கம்பியைத் தாவிப் பிடிப்பார்கள். பேருந்து ஒன்றுதான், எஞ்சினும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

அந்த மிதிக்குப் பெயர் கிளட்ச். அது எதற்கு என்று முதலில் பார்ப்போம். மின்விசிறியின் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுமையோடு கிளம்பிவிடும். பெட்ரோல் எஞ்சினோ, டீசல் எஞ்சினோ அப்படிச் செய்ய இயலாது. அதன் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இருமி, குலுங்கி நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்கவும் வேண்டும், எஞ்சின் ஓடவும் வேண்டும். ஆகவே, எஞ்சினையும் சக்கரங்களையும் வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது பிரிக்கவும் ஒரு கருவி தேவைப்படுகிறது.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் ஒன்று உண்டு, அதுதான் ஃப்ளைவீல். அதன் முகத்தோடு ஒட்டினாற்போல் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. பட்டறைகளில் இதைக் கிளட்ச் பிளேட் என்பார்கள். இதன் நடுப்பகுதி கியர்பாக்ஸின் தண்டில் கோத்திருக்கிறது. இந்தத் தட்டைப் பின்னாலிருந்து இன்னொரு தட்டு, வலிமையான எஃகு ஸ்பிரிங்கின் உதவியால், ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. உராய்வு ஒன்றுதான் பிடிப்பு; பல்லும் கிடையாது, கொக்கியும் கிடையாது. மிதியை அழுத்தினால் பிடி விடுகிறது; காலை எடுத்தால் பிடிக்கிறது. பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கியர் மாற்றும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2000 முதல் 2006 வரை தயாரித்த 'எம்3' என்னும் விளையாட்டுக் காரை எடுத்துக்கொள்ளலாம். 343 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். கையால் மாற்றும் ஆறு கியர்கள். முதல் கியரில் எஞ்சின் 4.23 முறை சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு முறை சுற்றும். இரண்டாவது கியரில் அதற்கு 2.53 சுற்றே போதும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுகிறோம் என்று கொள்ளுங்கள். அந்தச் சிறு பொழுதில் காரின் வேகம் அதிகம் மாறாது. ஆகவே புதிய கியரில் எஞ்சின் இருக்கவேண்டிய வேகம் 6000 × 2.53 ÷ 4.23, அதாவது ஏறக்குறைய 3590 சுற்று.

6000 எங்கே, 3590 எங்கே! சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று படித்திருப்பீர்கள். அதன்படி, எஞ்சினின் சுழலும் பாகங்களில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய 64 விழுக்காடு வெளியேறியாக வேண்டும். கால் எடுப்பதற்குள் எஞ்சின் தானாகவே வேகம் குறைந்து 3590-க்கு வந்திருந்தால், கிளட்ச் பிடிப்பது யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே, அதாவது 4500-இல் இருக்கும்போது பிடித்தால், மிச்சமுள்ள ஆற்றல் காரை முன்னால் தள்ளும்; உங்கள் தலை பின்னால் போகும். தாமதமாக, எஞ்சின் 2500-க்கு இறங்கிய பிறகு பிடித்தால், கார்தான் எஞ்சினைச் சுழற்றி வேகமேற்ற வேண்டியிருக்கும். வண்டி பின்னிழுக்கப்படும், தலை முன்னால் கவிழும். அடுத்த பயணத்தில் தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். ஓட்டுநர் அவசரப்பட்டாரா, தயங்கினாரா என்று சொல்லிவிடலாம்.

இந்த அதிர்ச்சியைத் தணிக்கக் கிளட்ச் பிளேட்டிலேயே ஏற்பாடுகள் உண்டு. உராயும் இரு முகங்களுக்கும் நடுவே அலையலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். பிடிப்பு சட்டென்று வராமல் சிறுகச் சிறுக ஏறும்படி இவை செய்கின்றன. நடுவில் சுருள் ஸ்பிரிங்குகளும் இருக்கலாம்; அவை முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்ளும். பந்தயக் கார்களுக்கென்றே செய்யப்படும் சில தட்டுகளில் இவை எதுவும் இராது. அவை கவ்வினால் கவ்வியதுதான். அப்படிப்பட்ட காரைச் சந்தையில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவது பெரிய தண்டனை.

இனி நம் கதையின் முக்கிய பாத்திரத்துக்கு வருவோம். மிதிக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே பழைய வண்டிகளில் எஃகுக் கம்பி இருந்தது. இன்று பல கார்களில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. மிதி ஒரு சிறு உருளையிலுள்ள எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியே சென்று, கியர்பாக்ஸின் அருகில் உள்ள இன்னொரு உருளையின் உந்துதண்டைத் தள்ளும். பாஸ்கல் விதிதான்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மருந்துக் கடையில் பயன்படுத்தாத 10 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் இரண்டு வாங்குங்கள், ஊசி வேண்டாம். மீன்தொட்டிக்குப் பயன்படும் வளையும் குழாய் ஒரு முழம் எடுத்து இரண்டையும் இணையுங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்று உங்கள் மிதி. மற்றொன்றை உங்கள் தோழன் கட்டைவிரலால் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கட்டும். அவன் விரல்தான் கிளட்ச்சின் ஸ்பிரிங். நீங்கள் அழுத்தினால் அவன் விரல் எழும்பும். நீங்கள் விட்டால் சட்டென்று இறங்கும். இப்போது குழாயின் நடுவே ஒரு திருகுக் கிளிப்பைப் போட்டு, ஏறக்குறைய மூடும் வரை இறுக்குங்கள். மீண்டும் அழுத்தி, திடீரென்று கையை எடுங்கள். தோழன் எவ்வளவு முயன்றாலும் விரல் மெதுவாகத்தான் இறங்கும். துளையின் விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது அல்லவா?

நாம் பார்த்த எம்3 உள்பட, பி.எம்.டபிள்யூவின் பல கார்களில் கிளட்ச் எண்ணெய்க் குழாயில் இப்படி ஒரு தடை வைக்கப்பட்டிருந்தது. சிறு துளை கொண்ட ஓர் உலோகத் துண்டு, அவ்வளவுதான். கிளட்ச் தாமத வால்வு என்று அதைச் சொல்வார்கள். ஓட்டுநர் காலை எவ்வளவு விரைவாக எடுத்தாலும், எண்ணெய் அந்தத் துளை வழியே திரும்பி வந்தால்தான் கிளட்ச் பிடிக்கும்.

ஏன் வைத்தார்கள்? கார் யார் கையில், இல்லை, யார் காலில் சிக்கப்போகிறது என்று வடிவமைப்பாளருக்குத் தெரியாது. அந்த எஞ்சின் தரும் மிகுதியான முறுக்குவிசை 365 நியூட்டன் மீட்டர். வேகமாகச் சுழலும் ஃப்ளைவீலை நின்றுகொண்டிருக்கும் காரோடு திடீரென்று இணைத்தால், அதைவிடப் பெரிய முறுக்கு ஒரு கணம் தண்டுகளின் மேல் பாயும். சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளும் பின்அச்சின் பற்சக்கரங்களும் அடிவாங்கும். சிறு துளை அந்த அடியைச் சற்று நீட்டி மென்மையாக்குகிறது.

ஆனால் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுடைய கால் மிதியை முழுதும் விட்டுவிட்டது. கிளட்ச் பிடித்துவிட்டது என்று நம்பி வலது கால் ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. உள்ளேயோ எண்ணெய் இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அரைகுறைப் பிடிப்பில் எஞ்சின் வேகம் ஏறிவிடுகிறது, தட்டு வழுக்கிச் சூடாகிறது, பிறகு பிடிக்கும்போது ஓர் உலுக்கல். குலுக்கலைத் தடுக்க வந்த துளையே குலுக்கலுக்குக் காரணமாகிவிட்டது! குளிர் காலையில் எண்ணெய் சற்றுக் கெட்டியாக இருக்கும், தாமதமும் கூடும். காலும் கிளட்ச்சும் ஒன்றாக நடந்தால் மூளை அந்த இசைவைப் பழகிக்கொள்ளும். நாளுக்கு நாள் மாறும் தாமதத்தை எப்படிப் பழகுவது?

ஆகவே அந்தக் கார்களை வைத்திருந்த ஆர்வலர்கள் பலர் தடையை எடுத்துவிட்டார்கள். காரை உயர்த்தி, குழாயின் இணைப்பைக் கழற்றி, துண்டை நீக்கிவிட்டுக் குழாயை நேரடியாக இணைப்பது ஒரு முறை. துளையைப் பெரிதாக்கிய துண்டை அதே இடத்தில் வைப்பது இன்னொரு முறை. மாற்றம் மிகச் சிறியது. ஆனால் வேலையின் பெரும்பகுதி அதற்குப் பின்னால்தான் இருக்கிறது: குழாய்க்குள் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். உங்கள் சிரிஞ்சில் வேண்டுமென்றே ஒரு பெரிய குமிழியை விட்டுப் பாருங்கள். நீங்கள் அழுத்துவீர்கள், குமிழி சுருங்கும், தோழனின் விரல் சரியாக எழும்பாது. காரில் அப்படி நேர்ந்தால் கிளட்ச் முழுவதும் விடுபடாது. கியர் பற்கள் கரகரவென்று அலறும். தவிர, இந்தக் கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே கலத்திலிருந்து வருகிறது. அசட்டையாகச் செய்தால் விளையாட்டு பிரேக்கில் போய் முடியும். கற்றுத் தேர்ந்த மெக்கானிக் செய்யவேண்டிய வேலை இது.

தடையை எடுத்தால் எல்லாருக்கும் கியர் மென்மையாக விழுந்துவிடுமா? இல்லை. இனிமேல் காலின் ஒவ்வொரு தவறும் நேராகத் தண்டுகளுக்குப் போகும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது பாருங்கள். மூன்றாவதின் விகிதம் 1.67. எஞ்சின் 3000 சுற்றில் இருந்தால் இரண்டாவதில் அது 4545-க்கு ஏறியாக வேண்டும். தேர்ந்தவர் கிளட்ச்சை விடுவதற்கு முன் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி அந்த வேகத்தைக் கொண்டுவந்துவிடுவார். தட்டத் தெரியாதவருக்கு முன்பு சிறு துளை செய்துவந்த உதவி இப்போது கிடையாது. என்னைக் கேட்டால், இந்தத் தட்டலைப் பழகாதவர் அந்தத் துண்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வேடிக்கை இதோடு முடியவில்லை. நேர்கோட்டில் கால் மைல் தூரம் பாயும் பந்தயங்கள் அமெரிக்காவில் மிகுந்த புகழ் பெற்றவை. அங்கே கையால் கியர் மாற்றும் கார்களை ஓட்டும் சிலர் கிளட்ச் குழாயில் ஒரு தடையைத் தாங்களே வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள்! பச்சை விளக்கு எரிந்ததும் காலைத் தூக்கி எறிவார்கள். கிளட்ச் எவ்வளவு விரைவாகக் கவ்வலாம் என்பதைத் துளை தீர்மானிக்கும். உங்கள் கிளிப்பைப் போலவே அந்தத் துளைக்கும் ஒரு திருகு உண்டு. தரை நன்றாகப் பிடிக்கிறது என்றால் திருகைச் சற்றுத் தளர்த்துவார்கள். டயர் வழுக்குகிறது என்றால் சற்று இறுக்குவார்கள்.