கத்தும் தட்டு

2009இல் ஏடன் வளைகுடாவைக் கடந்த ஒரு சரக்குக் கப்பலில் நான் செகண்ட் ஆபீசர். பிரிட்ஜை ஒட்டிய வெளிமேடையில் தாம்பாளம் மாதிரி ஒரு கறுப்புத் தட்டைப் பொருத்தியிருந்தார்கள். பெயர் எல்ராட், கடற்கொள்ளையரைச் சத்தத்தால் விரட்டுவதற்கு. 2000இல் ஏடன் துறைமுகத்தில் ‘கோல்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தாக்கப்பட்ட பிறகு உருவான கருவி. சோதித்தபோது காதை அடைத்துக்கொண்டு அதன் பின்னால்தான் நின்றேன். அப்படியும் பல் கூசியது.

சத்தம் வயிற்றைக் கலக்கிவிடும் என்று மெஸ்ஸில் ஒரே பேச்சு. காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வைப் பற்றிய பழைய புளுகு அது. எங்கள் இன்ஜினே ராப்பகலாக அந்த அதிர்வைத்தான் எழுப்புகிறது. இன்ஜின் ரூம் பையன்கள் மூன்று வேளையும் வஞ்சனையில்லாமல் சாப்பிடுகிறார்கள். எல்ராட் இதற்கு நேரெதிர். கைக்குழந்தை வீறிடுகிற 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் அதற்கு பலம். நம் காதுக்குக் கூர்மை அதிகமுள்ள இடமும் அதுதான்.

இடிப்பது தூரம். தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 150 என்றால் 100 மீட்டரில் 110. காது வலிக்கத் தொடங்குவது 120இல். அதற்கு 30 மீட்டர் நெருங்க வேண்டும். ராக்கெட் லாஞ்சர் வைத்திருப்பவன் அவ்வளவு கிட்டே வருவானேன்? வந்தாலும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் போயிற்று.

2005இல் சோமாலியாவுக்கு அப்பால் ‘சீபோர்ன் ஸ்பிரிட்’ என்ற உல்லாசக் கப்பல் தப்பியதை எல்ராட்டின் வெற்றி என்பார்கள். கேப்டன் வேகமெடுத்து ஓட்டியதும் தண்ணீரைப் பீய்ச்சியதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2008 நவம்பரில் ‘பிஸ்காக்லியா’ என்ற ரசாயன டேங்கரிலும் எல்ராட் இருந்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் நம் இந்தியர்கள். ஆயுதமில்லாத மூன்று காவலர்களும் கடைசியில் கடலில் குதித்தார்கள், ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. கப்பலும் மாலுமிகளும் கொள்ளையர் கையில்.

கிட்டத்தில் அது காதைக் கெடுக்கும், சந்தேகமில்லை. 2009 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் ஜி-20 மாநாட்டை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள்மேல் போலீஸ் அதைத் திருப்பியது. ஓட இடமில்லாத கூட்டத்தின்மேல் வேலை செய்கிற கருவியைக் கடலுக்கான ஆயுதம் என்று எங்கள் தலையில் கட்டியதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

எங்களுக்கு அது உதவியது ஒரே ஒரு முறை. ஏமன் கரைப்பக்கமிருந்து ஒரு சின்னப் படகு நேராக எங்களை நோக்கி வந்தது. பதிவு செய்து வைத்திருந்த அரபு எச்சரிக்கையைப் போட்டோம். படகு நின்றது. ஒருவன் எழுந்து சூரை மீனொன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். மறு கையால் எங்கள் முன்னால் மிதந்த தன் வலையைக் காட்டினான். சுக்கானை ஐந்து டிகிரி திருப்பச் சொன்னேன்.